பன்னிரண்டு குழிப் பலகை

டீசல் அக்காவும் அவள் தம்பியும் பேச்சை நிறுத்தியதில் முதலில் நொந்துபோனது பட்டறைப் பூனைதான். தம்பி பூனையைப் பார்த்து, "அந்த ராக்கரை இன்னைக்குள்ள கழுவி வெச்சா நல்லா இருக்கும்" என்பான். அக்காவும் பூனையைப் பார்த்தே, "நேத்தே கழுவியாச்சு. கண்ணு இருக்கிறவங்க பார்த்துக்கட்டும்" என்பாள். பூனை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கும். ஒரு மாதம் பொறுத்தது. அப்புறம் கூரையேறி அடுத்த தெருவுக்குக் குடிபோய்விட்டது. மனுஷர்களுக்குத் தூது போவதைவிட எலி பிடிப்பது கௌரவம் என்று அதற்குத் தோன்றியிருக்க வேண்டும். அதன்பின் தூது வேலை, அந்தந்த நேரத்தில் பட்டறையில் யார் நிற்கிறார்களோ அவர்கள் தலையில் விழுந்தது.

டீசல் அக்காவை அந்தச் சாலையில் தெரியாதவர்கள் கிடையாது. அவளைவிடப் பத்து வயது மூத்த டிரைவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். லாரி இன்ஜின்களைப் பிரித்து மாட்டுகிற பட்டறையில், பிரித்துப் போட்ட பாகங்களை டீசல் தொட்டியில் கழுவிக் கொடுப்பது அவள் வேலை. முப்பத்திரண்டு வருடமாக அதே வேலை. டீசல் அவள் தோலுக்குள்ளேயே போய்க் குடியேறிவிட்டது. அவளைக் கடித்த கொசு நாலடி பறப்பதற்குள் மயங்கி விழும். பீடி பற்றவைக்க வருகிறவர்கள் அவளைக் கண்டால் தீப்பெட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு தெருமுனைக்கு நடப்பார்கள். குளிர்காலத்தில் அவள் ஒரு தும்மல் போட்டால் எதிரே நிற்கிற லாரி தானாக ஸ்டார்ட் ஆகிவிடும் என்றும் ஒரு பேச்சு உண்டு. அதெல்லாம் மிகைப்படுத்திச் சொல்வது. இரண்டாவது தும்மலுக்குத்தான் ஸ்டார்ட் ஆகும்.

பள்ளிக்கூடத்தில் கணக்கில் அவளை மிஞ்ச ஆள் இருந்ததில்லை. இருபத்தொரு வயதில் கல்யாணம் ஆயிற்று. இருபத்து நாலாவது வயதில், "ஒரு வாரத்துல வந்துடறேன்" என்று புருஷன் வெளியூர் கிளம்பினான். அந்த வாரம் இன்னும் முடியவில்லை. பெட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவளை அப்பா ஒன்றும் கேட்கவில்லை. பட்டறைக்குக் கூட்டிப் போய், டீசல் தொட்டியின் ஒரு பக்கம் ஒரு முக்காலியைப் போட்டு, "இதைக் கழுவு" என்றார். அவர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். அவள் அழுதாளா என்று கேட்டால், டீசல் தொட்டியில் குனிந்திருக்கிறவள் முகத்தில் எது கண்ணீர், எது டீசல் என்று யார் பிரித்துப் பார்ப்பது?

அப்பா அவளிடம் ஒரு பலகையைக் கொடுத்தார். கைமுழ நீளம், ஒரே வரிசையில் பன்னிரண்டு குழி. அதில் எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. ஆறு சிலிண்டர் லாரி இன்ஜினில் பன்னிரண்டு டேப்பட் இருக்கும். டேப்பட் என்பது பெருவிரல் தடிமனில் ஓர் இரும்பு உருளை. அதன் அடியில் கேம் ஷாஃப்ட் சுற்றுகிறது. அந்தத் தண்டில் முட்டை வடிவத்தில் பன்னிரண்டு மேடுகள். மேடு மேலே வரும்போது டேப்பட் எழும்பும். டேப்பட் எழும்பினால் வால்வு திறக்கும். லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஒரே மேட்டின்மேல் உட்கார்ந்த டேப்பட், அந்த மேட்டுக்கென்றே தேய்ந்து பழகிவிடும். பழைய செருப்பு மாதிரி. சொந்தக்காரன் காலுக்கு மெத்தென்று இருக்கும், இன்னொருத்தன் போட்டால் கடித்துக் குதறிவிடும். அதனால் பழைய டேப்பட்டையே திரும்பப் போடுவதானால், எது எங்கிருந்து வந்ததோ அங்கேயேதான் போக வேண்டும். குழிப்பலகை அதற்காகத்தான்.

"என் இடது கைப்பக்கம் ஒண்ணு," என்றார் அப்பா. எதிரே உட்கார்ந்த மகளுக்கு அது வலது கைப்பக்கம். அவ்வளவுதான் விதி. கழுவி முடித்ததும் அவள் வலப்பக்கத்துக் கோடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று சொல்லிச் சொல்லி அவர் உள்ளங்கையில் வைப்பாள். அப்பா போன பிறகு அதே எதிர் முக்காலியில் தம்பி உட்கார்ந்தான். அக்கா எண்ணினாள், தம்பி வாங்கினான். எத்தனை நூறு இன்ஜின்கள் அப்படிப் போயிருக்கும்! ஒன்றுகூட மாறியதில்லை.

ஒரு நாள் தம்பி பழைய போர்டைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டினான். அப்பாவின் பெயர், அதன் பக்கத்தில் பெரிய எழுத்தில் 'அண்டு சன்'. அக்கா ஈரக் கையோடு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"மகன் இருக்கான். மக எங்கடா?"

தம்பி ஏணியின்மேல் நின்றபடியே சிரித்தான். "தொட்டி கழுவுறவங்க பேரையெல்லாம் போட்டா அப்புறம் பூனை பேரையும் போடணும் அக்கா. அதுவும் எலி பிடிக்குதுல்ல?"

கீழே நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். வாய்க்கு வந்ததை விழுங்கத் தெரியாத வாய் அவனுக்கு. அவர்கள் சிரித்ததும் அவன் இன்னொரு தடவையும் சிரித்தான்.

"என் பேர் வேண்டாம்டா," என்றாள் அக்கா. "நான் செய்யறதும் இந்தப் பட்டறை வேலைதான்னு இவங்க முன்னால உன் வாயால ஒரு தடவை சொல்லு. போதும்."

"சொன்னா இன்ஜின் நல்லா ஓடுமா?"

"நீ சொல்ற வரைக்கும் நான் உன்கிட்ட பேசப்போறதில்லை."

"ரொம்ப நல்லதாப் போச்சு. காதாவது கொஞ்சம் ஆறும்."

மறுநாளும் அக்கா நேரத்துக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். எதிர் முக்காலி இல்லை. தம்பி அதைத் தூக்கிக்கொண்டு போய் மூலையில் இருந்த வேலை மேசைப் பக்கம் போட்டு, தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அக்கா ஒரே ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். அவனுக்கு அதைச் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகாது. சொல்லாமலிருக்க நாலு மாதம் உழைத்தான்.

அந்த நாலு மாதத்துக்குள் வந்து மாட்டிக்கொண்டதுதான் ரேடியோவின் லாரி.

ரேடியோ சொந்த லாரி ஓட்டுகிறவர். வாய் கொப்பளிக்கும்போதுகூடப் பேசுவார். தூக்கத்தில் அவர் பேசுவதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊர் நிலவரம் தெரிந்துகொள்வார்கள். அவர் லாரியின் இன்ஜினைப் பிரித்துப் புது ரிங் போட்டு மாட்டிக் கொடுத்தான் தம்பி. டேப்பட்டுகள் நன்றாக இருந்தன. பழையதே போதும் என்று அதையே போட்டான். அந்த நாலு மாதத்தில் பழைய டேப்பட்டையே திரும்பப் போட்ட இன்ஜின் அது ஒன்றுதான். ஐந்து வாரம் கழித்து ஒரு காலையில் லாரி வாசலில் வந்து நின்றது.

"அண்ணே, காலையில ஸ்டார்ட் பண்ணினா டிக் டிக்குனு ஒரு சத்தம். சூடானதும் போயிடுது. என் வீட்டுக்காரி கோபம் அப்படியே நேரெதிர். அது காலையில இருக்காது, சூடாகச் சூடாகத்தான் வரும்."

"வாயை மூடு. இன்ஜின் பேசறதைக் கேக்கணும்," என்றான் தம்பி.

நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்டான். இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு டிக். "மேல் வேலைதான்," என்றான். ஆனாலும் உறுதி செய்ய வேண்டுமல்லவா? சிலிண்டர்களுக்கு டீசல் போகிற நாசில் குழாய்களை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தான். எந்த சிலிண்டரை நிறுத்தினாலும் டிக் அப்படியே இருந்தது. அப்படியென்றால் கீழே பேரிங்கில் கோளாறு இல்லை. புகைக்குழாய் சேருமிடத்தில் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தான். குமிழி இல்லை, காற்று ஒழுகவில்லை. பிறகு மேல் மூடியைக் கழற்றி, வால்வை அமுக்கித் திறக்கிற ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே தகடு விட்டு அளந்தான். முன்னாலிருந்து எட்டாவதில் இடைவெளி இரண்டு மடங்கு. ராக்கர் முனையிலிருந்த திருகை இறக்கி, நட்டை முறுக்கினான். சத்தம் நின்றது.

"சரியாப் போச்சு. ஓட்டு," என்றான்.

பன்னிரண்டாம் நாள் லாரி திரும்பி வந்தது. இப்போது சூடானாலும் சத்தம் போகவில்லை. அதே எட்டாவது, அதே இடைவெளி. திருகை இறக்கினான். ஒரு வாரம் கழித்து மறுபடியும் வந்தது. இறக்கினான். அதற்குள் அந்தச் சத்தம் ஊரறிந்த சத்தம் ஆகிவிட்டது. சாலையோரத்துப் பள்ளிக்கூடத்தில் மணியடிக்கிறவர் அதைக் கேட்டுத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார். மரங்கொத்தி ஒன்று, சொந்தக்காரர் யாரோ கூப்பிடுகிறார் என்று நினைத்து, பத்து கிலோமீட்டர் லாரியின் பக்கத்திலேயே பறந்து வந்து, ஒரு விசாரிப்பும் இல்லாததால் மனம் உடைந்து திரும்பியது.

நாலாவது தடவை நாலே நாளில் வந்தார் ரேடியோ. வண்டியிலிருந்து இறங்கினார். ஒன்றும் பேசவில்லை. பட்டறையில் ஏற்கெனவே இரண்டு டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்; இவர் பேசாமல் நிற்பதைப் பார்த்து அவர்களும் எழுந்து நின்றுவிட்டார்கள். சாவு வீட்டில் நிற்கிற மாதிரி இருந்தது.

"என்னய்யா, சொல்லு," என்றான் தம்பி.

"என்னத்தைச் சொல்ல? அதுதான் சொல்லுதே." இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டிக். டிக். டிக். சுத்தியலால் தகரத்தில் தட்டுகிற மாதிரி.

தம்பி இன்ஜினை நிறுத்தி மேல் மூடியைக் கழற்றினான். தகட்டை எடுத்தான். கை எட்டாவது திருகுக்குப் போனது.

அக்கா தொட்டிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு ராக்கர்களின் முனையிலும் ஆளுக்கொரு திருகு. பதினோரு திருகுகள் நட்டுக்கு மேலே கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன. எட்டாவது மட்டும் நட்டோடு நட்டாக அமுங்கிக் கிடந்தது.

"ரேடியோ," என்றாள். "எட்டாவது திருகு எங்க போய்க்கிட்டு இருக்குன்னு கேளு."

ரேடியோ தம்பியைப் பார்த்தார். "அண்ணே, எட்டாவது திருகு எங்க போகுதாம்?"

"கழுவுறவங்களுக்கு அது எதுக்குன்னு கேளு."

"கழுவுறவங்களுக்கு எதுக்காம் அக்கா?"

"நாலு தடவை இடைவெளி வந்திருக்கு. மூணு தடவை திருகைக் கீழ இறக்கியாச்சு. இரும்பு என்ன வளர்ற பிள்ளையா? கீழ ஏதோ கரைஞ்சுக்கிட்டு இருக்கு. திருகு அதைத் துரத்திக்கிட்டே போகுது. இன்னும் எவ்வளவு தூரம் துரத்தும்னு கேளு."

ரேடியோ வாயைத் திறப்பதற்குள் தம்பியின் கை நின்றுவிட்டது. என்ன இருந்தாலும் அவன் மெக்கானிக். அந்தத் திருகை வெகுநேரம் பார்த்தான். பிறகு எட்டாவது ராக்கரைக் கழற்றினான். அடியிலிருந்த நீளக் கம்பியை உருவிக் கண்ணாடிமேல் உருட்டினான். வளைவில்லை. இன்ஜினின் பக்கத்து மூடியைத் திறந்து, காந்தக் கம்பியை உள்ளே விட்டு டேப்பட்டை வெளியே இழுத்தான்.

அதன் அடிப்பாகம் அம்மை போட்ட முகம் மாதிரி குழி குழியாக இருந்தது. உள்ளே கேம் ஷாஃப்டின் மேடு ஒரு பக்கம் வழித்தெடுத்த மாதிரி தேய்ந்திருந்தது.

அழுக்குப் பாகம் கையில் இருந்தால் கால் தானாகத் தொட்டிப் பக்கம் போகும். தம்பியும் போனான். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் தொட்டி விளிம்பில் டேப்பட்டை வைத்துவிட்டு வந்தான். அவள் அதை எடுத்து டீசலில் முக்கி, வழக்கம்போலக் கட்டைவிரலால் சுற்றித் தடவினாள். விரல் ஓரிடத்தில் நின்றது. கழுத்தில் நகம் பட்ட மாதிரி ஒரு சின்னக் கீறல்.

"இது அஞ்சாவதோடது," என்றாள்.

ரேடியோ குனிந்து பார்த்தார்.

"ரேடியோ, இந்தக் கீறல் அஞ்சாவதுல இருந்தது. இந்தக் கையாலதான் கழுவினேன். இது எட்டாவதுல என்ன பண்ணுது? அஞ்சாவது இடத்துல இருக்கிறதை எடுக்கச் சொல்லு. அடியில நீலம் பாரிச்சிருக்கும். அதுதான் எட்டு."

தம்பி ஐந்தாவது டேப்பட்டை இழுத்தான். அடியில் நீலம் பாரித்திருந்தது. அங்கும் குழி விழத் தொடங்கியிருந்தது.

கணக்கில் முதலாக வந்தவளுக்கு மிச்சத்தைப் போட்டுப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? ஐந்து எட்டில், எட்டு ஐந்தில். அப்படியானால் ஒன்று பன்னிரண்டில் இருக்கும், இரண்டு பதினொன்றில் இருக்கும். பலகை முழுவதும் தலைகீழ். அந்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது. அன்று அவள் என்ன செய்தாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் அவளும் கடைசிவரை அதை யாரிடமும் சொல்லவில்லை.

தம்பி கையைத் துடைத்துக்கொண்டான். இரண்டு டிரைவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரேடியோவும் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை கண்கள் பார்க்கும்போது அவன் மூளைக்கு முன்னால் வாய் ஓடும்.

"கழுவுற இடத்துல மாறிப்போச்சு," என்றான். "பலகையில இருந்ததை இருந்தபடிதான் நான் மாட்டினேன். இது அக்கா பண்ணின தப்பு."

நாலு மாதத்துக்குப் பிறகு அவன் வாயில் அக்கா என்ற சொல் வந்தது.

அவள் முக்காலியிலிருந்து எழுந்தாள். முழங்கையிலிருந்து டீசல் சொட்டியது. ரேடியோவைத் தாண்டி நேராகத் தம்பி முன்னால் போய் நின்றாள்.

"என்னடா சொன்ன?"

"தப்பு உன்னோடதுன்னு சொன்னேன்."

"அப்போ இந்த இன்ஜின்ல என் வேலையும் இருக்கு?"

அவன் துணியை எடுத்து மறுபடியும் கையைத் துடைத்தான்.

"வாயைத் திறடா. நான் தப்பு பண்ணினா இன்ஜின் கெட்டுப்போகும்னா, அப்போ நான் சரியாப் பண்ணினதாலதானே மத்ததெல்லாம் ஓடுச்சு? முப்பத்திரண்டு வருஷமா ஓடின எதுலயும் என் கை இல்லை. கெட்டுப்போன ஒண்ணே ஒண்ணுல மட்டும் என் கை வந்துருச்சா? அன்னைக்கு நான் பூனை. இன்னைக்குத் திடீர்னு மெக்கானிக் ஆயிட்டேனா?"

"சும்மா வார்த்தையை வளர்க்காதே அக்கா. மாறிப்போனது மாறிப்போனதுதானே?"

"எங்க மாறுச்சுன்னு காட்டறேன், வா."

அவள் குழிப்பலகையை எடுத்துத் தொட்டியின் குறுக்கே வைத்தாள். அவள் இடத்தில் அவள் உட்கார்ந்தாள். "ரேடியோ, எதிர்ப்பக்கம் போ. அப்பா உட்கார்ந்த இடம். குத்த வெச்சு உட்காரு. இடது கையைத் தூக்கு."

ரேடியோ தூக்கினார்.

"அந்தப் பக்கத்துக் கோடி, ஒண்ணு. அதுதான் அப்பா சொன்னது. அதுதான் இன்னை வரைக்கும் நடந்தது. இப்போ எழுந்து வந்து எனக்குப் பின்னால நில்லு. ஆங். திரும்பவும் இடது கையைத் தூக்கு."

ரேடியோவின் கை பலகையின் மறுகோடிக்கு மேலே போய் நின்றது. அவர் தன் கையையே ஏதோ களவாடிய பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இவன் என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காம முக்காலியைத் தூக்கிட்டுப் போனான்," என்றாள் அக்கா. "எதிர்ல வந்து வாங்காம, எனக்குப் பின்னால வந்து பலகையோட தூக்கிட்டுப் போனான். அவன் இடது கைக்கு எது வந்ததோ அதை ஒண்ணுன்னு போட்டுட்டான். நான் வெச்சதும் சரி. அவன் எடுத்ததும் அவனுக்குச் சரி."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, எந்தப் பக்கம் ஒண்ணுன்னு?" என்றான் தம்பி.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

ரேடியோ இன்னும் கையை இறக்கவில்லை. மெதுவாகக் கேட்டார்: "அப்போ... நீங்க ரெண்டு பேரும் பேசாததாலயா என் இன்ஜின் கெட்டுப்போச்சு?"

நின்றிருந்த டிரைவர்களில் ஒருவர், வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு நழுவினார். மற்றவர் கூரையைப் பார்த்தார்.

அக்கா தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதுதான் நேரம். இவ்வளவு தெரிந்த பிறகு, சாட்சிக்கு ஆள் நிற்கும்போது, ஒரே ஒரு வாக்கியம். கோபமாகச் சொன்னாலும் சரி, முணுமுணுத்தாலும் சரி, எடுத்துக்கொள்ள அவள் தயாராக இருந்தாள்.

"கேம் ஷாஃப்ட் மாத்தணும்," என்று ரேடியோவிடம் சொன்னான். "டேப்பட் பன்னெண்டும் புதுசு. என் செலவு. நாலு நாள் கொடு."

நாலு நாளும் அக்கா வந்தாள். இன்ஜினை மறுபடி இறக்கினார்கள். தேய்ந்த மேட்டிலிருந்து உதிர்ந்த இரும்புத் தூள் எண்ணெயோடு சேர்ந்து எல்லா வழிகளிலும் போயிருந்தது. ஒவ்வொரு துளையாக டீசல் விட்டு, கம்பி விட்டு, வெள்ளைத் துணியில் மினுக்கம் தெரியாத வரைக்கும் கழுவினாள். யாரும் மெச்சவில்லை. புது டேப்பட்டுகள் எண்ணெய்த் தாளில் சுற்றி வந்தன. அவை எந்த மேட்டுக்கும் இன்னும் பழகாதவை. எதை எங்கே போட்டாலும் ஒன்றுதான். ஆகவே எண்ணிக் கொடுக்கவும் வேண்டியிருக்கவில்லை. பேசாததால் கெட்ட இன்ஜினைப் பேசாமலேயே சரி செய்தார்கள்.

மாட்டி முடித்து, மேடுகளில் மசகுப் பசை தடவி, ஸ்டார்ட் செய்தான் தம்பி. புது ஷாஃப்டை முதல் இருபது நிமிடம் மெதுவாக ஓடவிடக் கூடாது என்பதால் வேகத்தைக் கூட்டிப் பிடித்துக்கொண்டே நின்றான். பிறகு கையை எடுத்தான். இன்ஜின் தணிந்து சீராக ஓடியது. டிக் இல்லை. ரேடியோ ஸ்க்ரூடிரைவரை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார். திருப்பிக் கொடுத்தார். "சத்தமே இல்லை அண்ணே," என்றவர், தொட்டிப் பக்கம் திரும்பி, "போயிட்டு வரேன் அக்கா," என்றார். தெருமுனையில் திரும்பும்போது ஹாரன்கூட அடிக்கவில்லை.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். ரேடியோ லாரியின் டேப்பட் பலகையைத் தூக்கத் தம்பி பின்னால் வந்து நின்றபோது அவனுடைய நிழல் பலகைமேல் விழுந்தது. 'ஒண்ணு' என்ற சொல் அவள் நாக்கு நுனி வரை வந்தது. முப்பத்திரண்டு வருடப் பழக்கம், வராமல் இருக்குமா? அதை அவள் பல்லால் கடித்துப் பிடித்தாள். பலகை எந்தப் பக்கமாகத் தூக்கப்பட்டது என்று திரும்பிப் பார்த்திருந்தால் அப்போதே புரிந்திருக்கும். திரும்பினால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டிவரும். அதற்காகவே கழுவ ஒன்றும் இல்லாத தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

லாரி போன மறுநாள் அக்கா பட்டறைக்கு வந்தபோது குழிப்பலகை தொட்டி விளிம்பில் காய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு குழியின் பக்கத்திலும் வெள்ளைப் பெயின்டில் ஓர் எண். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை. ஒன்றுக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி, இன்ஜினின் முன்பக்கம் அது என்பதற்கு. கோணல்மாணலான எழுத்து, அவனுக்கு எப்போதுமே கையெழுத்து வராது.

தம்பி முதுகைத் திருப்பியபடியே சொன்னான்: "இனிமே எந்தப் பக்கம் நின்னு எடுத்தாலும் மாறாது. யார் கழுவினாலும் மாறாது."

அது தன்னிடம் சொன்னதா, சுவரிடம் சொன்னதா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. அடுத்து இன்னொரு வாக்கியம் வருமோ என்று கொஞ்ச நேரம் நின்றாள். ஸ்பானர் சத்தம்தான் வந்தது.

அவள் எங்கே போவாள் என்று நினைக்கிறீர்கள்? முக்காலியில் உட்கார்ந்தாள். அன்றைக்கு வந்திருந்த இன்ஜினின் டேப்பட்டுகளைக் கழுவி, ஒன்றை ஒன்றிலும் பன்னிரண்டைப் பன்னிரண்டிலும் வைத்தாள். தம்பி வந்து தூக்கிக்கொண்டு போனான்.

ஒன்பது வருடம் அப்படி ஓடியது. பட்டறைக்கு நல்ல பெயர். மாட்டிக் கொடுத்த ஓர் இன்ஜின்கூட டிக் என்று திரும்பி வரவில்லை. தம்பியிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர்கள், இப்படி ஒரு வார்த்தைகூட வீணாக்காமல் வேலை நடக்கிற பட்டறையைப் பார்த்ததில்லை என்று வெளியே போய்ப் புகழ்ந்தார்கள். ஒரே ஒரு தொல்லைதான் இருந்தது. டீசல் பெயின்டைத் தின்னும். இரண்டு மூன்று மாதத்துக்கொரு முறை எண்கள் மங்கிப்போகும்; முதலில் எட்டின் மேல்வட்டம் போகும், பிறகு ஆறு, பிறகு ஒன்று இருந்த இடமே தெரியாது. ஆரம்பத்தில் தம்பிதான் மறுபடி எழுதிக்கொண்டிருந்தான். அவன் எழுத்தைப் பார்க்கச் சகிக்காமல், பிறகு அக்காவே பிரஷ்ஷை எடுத்துக்கொண்டாள். மதியம் அவன் சாப்பிடப் போகிற நேரத்தில் பலகையை மடியில் வைத்து, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, பன்னிரண்டு எண்களையும் பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில் திருத்தமாக எழுதி வெயிலில் காயவைப்பாள்.